மூன்றாம் மாதத்து ரசம் சாதம்

உடல் பருமனுக்காக இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர் வீட்டுக்கு, மூன்றாம் மாதம் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் சேலத்தில் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கொண்டுவருகிறார்கள். "ஏம்மா, இவ்ளோ செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணியும் இவ்ளோதான் குறைஞ்சிருக்கியா? எங்க அண்ணன் மகன் ஆறே மாசத்துல முப்பது கிலோவுக்கு மேல எறங்கிட்டானே!" கேட்பவருக்கு அது அக்கறை. அதைக் காதில் வாங்கியவருக்கு அன்றிரவு தூக்கம் போகிறது. மறுநாள் காலையில் எடை மெஷினில் இரண்டு முறை ஏறி இறங்குகிறார். அடுத்த வாரம் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார். அதற்கடுத்த ரிவ்யூவுக்கு, டாக்டர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுப் போகாமலே இருந்துவிடுகிறார்.

இந்தக் கேள்வியை முழுக்கத் தப்பு என்று ஒதுக்கிவிட முடிந்தால் நல்லது. முடியவில்லை. ஒருவருடைய கிலோவை இன்னொருவருடைய கிலோவோடு ஒப்பிடுவது தப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்றாம், நான்காம் மாதத்தில் எடை அசையாமல் நிற்கும்போது, எங்கோ ஒன்று கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம் என்பது பல நேரங்களில் உண்மை. அது பெரும்பாலும் தட்டில்தான் இருக்கிறது. நாம் சாப்பாடு என்றே எண்ணாத, உடம்பு சரியில்லாதவருக்குக் கொடுக்கும் பத்தியம் என்று நினைக்கிற பதார்த்தங்களில் இருக்கிறது. முதலில் கணக்கைப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

கிலோ கணக்கு ஏன் ஏமாற்றுகிறது

42 வயதுப் பெண், உயரம் 158 செ.மீ., ஆபரேஷனுக்கு முன் எடை 102 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) ஏறக்குறைய 41. அவர் உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 வர வேண்டுமென்றால் எடை 62 கிலோ சொச்சம் இருக்க வேண்டும். ஆக, அவரிடம் கூடுதலாக இருப்பது சுமார் 40 கிலோ. அந்த அண்ணன் மகன் 175 செ.மீ., 150 கிலோ என்றால் அவரிடம் கூடுதலாக இருந்தது 73 கிலோ. ஆறு மாதத்தில் அவர் 32 கிலோ குறைந்தார், இவர் 18 கிலோ. கேட்கும்போது இவர் பாதியில் நிற்பதுபோல் இருக்கிறது. கூடுதல் எடையில் எவ்வளவு போனது என்று பார்த்தால் இவருக்கு 45%, அவருக்கு 44%. இருவரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள். இந்த ஒரு கணக்கை ரிவ்யூவில் யாராவது தாளில் போட்டுக் காட்டினால் எத்தனையோ பேருடைய அழுகை நின்றுவிடும்.

ஸ்லீவ் ஆபரேஷனில் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மொத்த எடையில் பொதுவாக 25 முதல் 30% குறையும். இரைப்பை பைபாஸில் (இரைப்பையில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்துக் குடலோடு இணைப்பது) இன்னும் கொஞ்சம் கூடும். 102 கிலோ என்றால் 71-க்கும் 77-க்கும் நடுவில் எங்கோ வந்து நிற்பது. கல்யாணத்தின்போது இருந்த 55 கிலோவுக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவருக்கு 74 கிலோ தோல்வியாகத்தான் தெரியும். அந்த 74 கிலோவில் சுகர் மாத்திரை பாதியாகியிருக்கலாம், முழங்கால் வலி இறங்கியிருக்கலாம், குறட்டை நின்றிருக்கலாம். எதிர்பார்ப்பை ஆபரேஷனுக்கு முன்பே இந்த எண்களோடு பேசி முடிப்பது மருத்துவர்களின் கடமை என்பது என் உறுதியான கருத்து. பிறகு பேசினால் அது சமாதானம் சொல்வதுபோல்தான் காதில் விழும்.

வேகமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. பெண்களுக்கு, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, பல ஆண்டு சுகர் உள்ளவர்களுக்கு, அதிலும் இன்சுலின் போடுகிறவர்களுக்கு, தசை குறைவாக உள்ள உடம்புக்கு எடை மெதுவாகவே இறங்கும். முதல் மாதம்தான் மிக வேகம். ஆறாம் மாதவாக்கில் மாதத்துக்கு இரண்டு மூன்று கிலோ, ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு ஒரு கிலோ என்பது பலருக்கும் இயல்பான இறக்கம். எடை குறையக் குறைய உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியும் குறைகிறது. 18 கிலோ குறைவான உடம்பைத் தூக்கி நடக்கவும் குறைவான சக்தியே போதும். அதோடு, எடை குறைந்த உடம்பு கணக்குக்கு மேலேயே சிக்கனம் பிடிக்கிறது. இதில் யாருடைய சோம்பலும் இல்லை.

மூன்றாம் வாரத்துத் தேக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயம் அங்கேதான் தொடங்குகிறது. ஆபரேஷன் ஆன முதல் வாரங்களில் உடம்பு ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை எடுத்துச் செலவு செய்கிறது. இந்தச் சேமிப்பு அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆக முதல் இறக்கத்தில் தண்ணீரின் பங்கு பெரியது. சாப்பாடு கொஞ்சம் கூடியதும் கிளைக்கோஜன் ஓரளவு திரும்பச் சேர, தண்ணீரும் திரும்புகிறது. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும். மெஷின் மட்டும் ஒரு வாரம், சில சமயம் மூன்று வாரம் அசையாது. மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய வாரம், ஊறுகாய் அப்பளத்தின் உப்பு எல்லாமே இதே வேலையைச் செய்யும். எனவே தினமும் ஏற வேண்டாம். வாரம் ஒருநாள், ஒரே மெஷின், காலையில் கழிவறை போய்வந்து எதுவும் குடிப்பதற்கு முன். மாதம் ஒருமுறை தொப்புளுக்கு நேராக இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து எழுதுங்கள். நான்கு வாரம் சேர்த்துப் பார்த்தும் எடையும் அசையவில்லை, இடுப்பும் குறையவில்லை என்றால்தான் அதைத் தேக்கம் என்று சொல்ல வேண்டும்.

கெட்டியான சாப்பாட்டிலிருந்து பின்வாங்கும் இடம்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய், 100 முதல் 150 மி.லி. கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பு அதிகமுள்ள மேல்பகுதியும் வெட்டியதோடு போய்விடுவதால், முதல் மாதங்களில் பலருக்குப் பசியே தெரியாது. பைபாஸில் 30 மி.லி. அளவுக்கு ஒரு சிறு பை மட்டும். இரண்டு ஆபரேஷனும் எடையைக் குறைப்பதற்கு இரைப்பை சிறியதாவது ஒரு காரணம். ஆனால் அந்தச் சின்ன இடம் வேலை செய்ய, அதில் போகிற சாப்பாடு கொஞ்ச நேரமாவது தங்க வேண்டும். ஒரு துண்டு மீனோ முட்டையோ தங்கும். கரைத்ததும் குழைத்ததும் தங்காது, வழுக்கிக் கீழே போய்விடும். பத்து நிமிடத்தில் மறுபடி இடம் இருக்கும்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் நீர் ஆகாரம், அடுத்த இரண்டு வாரம் கூழ் பதம், அடுத்து மென்மையானது, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கெட்டியான சாப்பாடு என்பது பொதுவான வரிசை; உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளில் இருப்பதே உங்களுக்குச் சட்டம். கெட்டியான சாப்பாடு தொடங்கும் அந்த வாரங்களில்தான் அடுத்த ஓராண்டின் போக்கு முடிவாகிறது என்று நினைக்கிறேன். முதல் கவளம் கறி நெஞ்சுக் குழியில் நின்றுவிடும். வாயில் எச்சில் ஊறும், மூக்கு ஒழுகும், விக்கல் வரும், கடைசியில் வாந்தி. "எனக்குக் கறியே ஒத்துக்கலைங்க" என்று முடிவு கட்டிவிடுவார்கள். வீட்டில் அம்மாவோ மாமியாரோ பதறிப்போய், குழைய வடித்த சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுப்பார்கள். அது சுகமாக இறங்கும். வாந்தி இல்லை, வலி இல்லை, வீடே நிம்மதியாகும். மூன்றாம் மாதத்தில் தொடங்கிய அந்த ரசம் சாதம் ஆறாம் மாதம் வரை மூன்று வேளையும் தொடரும்.

மருத்துவமனைத் தாளில் "சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள்" என்று இருக்கும். அதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடிப்பார்கள். டம்ளரைத் தொடவே மாட்டார்கள். ஆனால் குழம்பு, ரசம், மோர் என்ற நம் வரிசையே சோற்றை நீரில் நனைத்து இறக்குவதற்கான வரிசை. 50 மி.லி. சோற்றோடு 100 மி.லி. ரசம் போனால் அது தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிடுவதுதான். மோர் சாதமும் அப்படியே. தாளை எழுதுகிறவர்கள் "தண்ணீர்" என்பதோடு "ரசம், மோர், குழம்பின் நீர், சாம்பார்" என்று சேர்த்து எழுதாதது பெரிய குறை. ரசத்தை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், அன்றைய ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர்க் கணக்கில் அதுவும் சேரும்.

கறி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கறி அல்ல, கவளத்தின் அளவும் பதமும். கவளம் சுண்டுவிரல் நகத்தளவு. இருபது இருபத்தைந்து முறை மென்று, அது முழுக்கக் கூழானதும் விழுங்கி, அரை நிமிடம் கழித்து அடுத்தது. ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம். பெரிய தட்டில் பரிமாறாமல் சின்னக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டால் அளவு கண்ணுக்குத் தெரியும். நாட்டுக்கோழி நார் நாராக இருக்கும், அதை மூன்று நான்கு மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். மீனிலிருந்து தொடங்குவது சுலபம்: மேட்டூர் அணையிலிருந்து வரும் கட்லாவோ ஜிலேபியோ, குழம்பிலிருந்து துண்டை மட்டும் எடுத்து முள் நீக்கி உதிர்த்துச் சாப்பிடலாம். அடுத்து முட்டை, பனீர், பிறகு குக்கரில் ஐந்தாறு விசில் விட்ட கொத்துக்கறி. முந்தின நாள் செய்து சூடு பண்ணிய கறி வறண்டு போயிருக்கும். அதுதான் அதிகம் நிற்கும். பரோட்டா, பிரெட், சப்பாத்தி எல்லாம் மாவு போலத் திரண்டு அடைக்கும், இவை முதல் ஆறு மாதம் வேண்டாம். நெஞ்சுக்கு நடுவில் அழுத்தம், மூக்கு ஒழுகல், தும்மல், விக்கல் இதில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். கிண்ணத்தில் இரண்டு வாய் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

வரிசை முக்கியம். முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் இரண்டு மூன்று கரண்டி சோறு. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சேர வேண்டும். காலையில் இரண்டு முட்டை என்றால் 12 கிராம். பதினோரு மணிக்கு வே புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப், தண்ணீரில், 20 கிராமுக்கு மேல். மதியம் 75 கிராம் மீன், 15 கிராம். சாயங்காலம் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் ஆறு கிராம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து நன்றாகக் குழைய வேகவைத்து, தோல் நீக்கினால் வயிறு உப்பாது. இரவு 50 கிராம் பனீர் ஒன்பது கிராம். கூட்டினால் 60 கிராமைத் தாண்டிவிடும். சைவக்காரர்கள் மீனுக்குப் பதில் உலர்ந்த மீல் மேக்கர் 25 கிராம் எடுத்து வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து கொத்திச் சமைத்தால் 13 கிராம் கிடைக்கும். இட்லி ஒன்றில் இரண்டு கிராம் இருந்தால் அதிகம். ரசம் சாதத்தில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புரதம் குறைந்தால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். தசை போனால் எரிப்பு இன்னும் குறையும். எடை இன்னும் மெதுவாகும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது ஆபரேஷனின் அதிர்ச்சியாலும் வேகமாக எடை இறங்குவதாலும் பலருக்கும் நடப்பதுதான், ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் போதாமல் போனால் அது நிற்காது.

சேலத்துக்கே உரிய சில வழுக்கல்கள்

ஜவ்வரிசி இந்த ஊரின் தொழில். மரவள்ளிக் கிழங்கு மாவில் உருட்டிய அந்த மணிகளை நம்பி இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன, அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. ஆனால் ஆபரேஷன் ஆன உடம்புக்குக் குளிர்ச்சி என்று ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். 100 கிராம் ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. வடாமாகப் பொரித்தால் எண்ணெயும் சேர்கிறது. மால்ட் பானங்களும் ஜூஸும் இதே ரகம்.

இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காய்த் துருவலும் சட்னியும் வைத்த தட்டுவடை செட் சாயங்காலச் சேலத்தின் அடையாளம். சிறிய இரைப்பைக்கு அது பொல்லாதது. மொறுமொறுப்பானது வாயில் எச்சில் பட்டதும் பொடியாகிக் கரைந்து இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது. ஒரு துண்டு மீனுக்கு மேல் சாப்பிட முடியாதவர் இரண்டு செட்டைச் சிரமமில்லாமல் முடித்துவிடுவார். முறுக்கு, சிப்ஸ், ஐஸ்கிரீம் எல்லாம் அப்படித்தான். "நான் ரொம்பக் கொஞ்சம்தான் சாப்பிடுறேன், ஆனா குறையலை" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தட்டில் வைத்துச் சாப்பிட்டதை மட்டும் சொல்கிறார். ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், 100 மி.லி. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த டம்ளருக்கு ஏறக்குறைய 100 கலோரி. நாளுக்கு நான்கு டம்ளர் என்றால் 400. ஆறாம் மாதத்தில் மொத்தமே 1,000 முதல் 1,200 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. சர்க்கரையை நிறுத்தி, இரண்டு டம்ளராக்கினாலே பலருக்குத் தேக்கம் உடைந்துவிடும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது ஊற்றும் கூழை ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மல்கோவா பருவத்தில் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு கீற்று. பைபாஸ் ஆனவர்கள் வெறும் வயிற்றில் ஜூஸாகக் குடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று டம்பிங் (இனிப்பு வேகமாகக் குடலில் இறங்குவதால் வரும் தொல்லை) வந்து படுக்க வைத்துவிடும்.

நடையைப் பற்றிச் சுருக்கமாக. முதல் மாதம் பத்து நிமிடமாக மூன்று வேளை, அப்புறம் மூக்கனேரிக் கரையிலோ வீட்டு மொட்டைமாடியிலோ முப்பது நாற்பது நிமிடம். நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்துப் பத்தாக மூன்று முறை, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, வாரம் மூன்று நாள். முதல் ஆறு வாரம் கனமான குடமோ சிலிண்டரோ தூக்கக் கூடாது, துளை போட்ட இடத்தில் குடலிறக்கம் வரலாம். ஏற்காட்டில் நடக்கப் போகிறவர்கள் இறக்கத்தில் கவனமாக இருக்க வேண்டும், முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பாரம். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சாப்பிட்ட கையோடு ஏறாதீர்கள். ஆபரேஷன் ஆன முதல் இரண்டு மாதம் அந்தப் பாதையே வேண்டாம்.

தட்டில் எதுவும் தப்பில்லை என்றால்

எல்லாம் சரியாக இருந்தும் எடை நிற்கிறது என்றால் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன், ஸ்டீராய்டு, ஓலன்சபின், வால்புரோயேட், அமிட்ரிப்டிலின், புரோப்ரனலால் வகை பிரஷர் மாத்திரைகள் எடை இறங்குவதைத் தடுக்கக் கூடியவை. எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மாற்று இருக்கிறதா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்கலாம். குறிப்பாக, ஆபரேஷனுக்கு முந்தைய சுகர் டோஸே குறைக்கப்படாமல் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து, அதைச் சரிக்கட்ட இனிப்பு சாப்பிட வேண்டிவரும். தைராய்டு மாத்திரையைக் கால்சியத்தோடும் இரும்போடும் சேர்த்துப் போட்டால் உடம்பில் சேராது, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரம் பிரித்துப் போட வேண்டும். காப்பி டீயோடு இரும்பு கூடாது. இரவில் குறட்டையும் மூச்சுத் திணறலும் தொடர்ந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கம் கெட்டால் பசி கூடும்.

தொடர்ந்து வாந்தி எடுப்பவரைப் பார்த்து "நல்லதுதான், சீக்கிரம் குறையும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மூன்று நாளாக எதுவும் தங்கவில்லை என்றால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும், கண் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும். அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; ஆபரேஷன் ஆனவர் என்பதை முதலில் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போடச் சொல்லிக் கேளுங்கள். வேகமாகக் குறைவது எப்போதும் வரம் அல்ல. பித்தப்பையில் கல் சேர்வதும் தசை கரைவதும் வேகமாகக் குறைகிறவர்களுக்குத்தான் அதிகம்.

ஓராண்டு முடிவில் மொத்த எடையில் 20%-கூடக் குறையவில்லை என்றால் எண்டோஸ்கோபியோ பேரியம் எக்ஸ்ரேயோ எடுத்து, குழாய் விரிந்திருக்கிறதா, மேல்பகுதி மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எடை குறைக்க உதவும் செமக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் இப்போது இந்தியாவிலேயே கிடைக்கின்றன. ஆபரேஷனுக்குப் பின் எடை போதுமான அளவு குறையாதவர்களுக்கும் அவற்றைக் கொடுக்கிறார்கள். அதை ஏற்பது ஆபரேஷன் தோற்றதற்கான ஒப்புதல் அல்ல. பருமன் நாள்பட்ட நோய். பிரஷருக்கு இரண்டாவது மாத்திரை சேர்ப்பதற்கு யாரும் வெட்கப்படுவதில்லையே. இரண்டாவது ஆபரேஷன் என்ற பேச்சு வந்தால், முந்தைய ஆபரேஷன் குறிப்பு, ஏழு நாள் சாப்பாட்டுப் பதிவு, மாத்திரைப் பட்டியல் மூன்றையும் வாங்கிப் பார்க்காமல் தேதி குறிக்கிற இடத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்றபடி, எடை எந்த வேகத்தில் இறங்கினாலும், முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுதும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்) பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கூச்சப்பட்டு ரிவ்யூவுக்குப் போகாமல் நின்றவர்களுக்குத் தவறிப்போவது முதலில் இதுதான்.